ஒரே மூச்சில் 49 பள்ளிகள்: சிகாகோ கல்வி வாரியத்தின் 2013 முடிவு

2013 மே 22 அன்று சிகாகோ நகரக் கல்வி வாரியம் கூடி, 50 அரசுப் பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. அநேகமாக எல்லாமே தொடக்க, நடுநிலைப் பள்ளிகள். அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்கு முன் ஒரே வீச்சில் இத்தனை பள்ளிகளை மூடியதில்லை. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களை ஏற்றுக்கொண்ட பள்ளிகளில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்தால், இந்த முடிவால் வாழ்க்கை மாறிய பிள்ளைகள் இரண்டு மடங்கு.

ஓர் ஊர்க் கல்வி வாரியம் பணத்தையும் கொள்கையையும் எப்படி எடைபோடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல நிகழ்வு கிடைப்பது கடினம். எந்தக் கணக்கை வைத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், எவ்வளவு மிச்சமாகும் என்றார்கள், பிள்ளைகளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதெல்லாம் பொதுப் பதிவில் இருக்கிறது. அதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முடிவு எடுக்கப்பட்டது மே 22-ல் என்று சொல்வது சரியில்லை. எந்த அளவுகோலால் பள்ளிகளை அளப்பது என்று அதிகாரிகள் தீர்மானித்த அன்றே முக்கால்வாசி முடிந்துவிட்டது. வாரிய உறுப்பினர்கள் வாக்களிக்க உட்கார்ந்தபோது அவர்கள் எடைபோட மிச்சமிருந்தது மிகக் குறைவு.

வாரியம் என்றால் யார்?

நம் ஊரில் அரசுப் பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் மாநிலக் கல்வித் துறையின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த அதிகாரம் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களிடம் இருக்கிறது. அப்படி ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் அங்கே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வி வாரியம். பட்ஜெட், ஆசிரியர் ஒப்பந்தம், பள்ளி எல்லை, பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என எல்லாம் அந்த வாரியத்தின் மேசைக்கு வரும். செலவுக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும், மீதி மாநில, மத்திய அரசுகளிடமிருந்தும் வருகிறது. பெரும்பாலான ஊர்களில் வாரிய உறுப்பினர்களை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிகாகோவில் அப்படி இல்லை. 1995-ல் இலினாய் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்து, வாரியத்தின் உறுப்பினர்களையும் பள்ளிகளின் தலைமைச் செயல் அதிகாரியையும் நியமிக்கும் உரிமையை மேயருக்கே கொடுத்தது. 2013-ல் மேயர் ராம் இமானுவேல். வாரியத் தலைவர் டேவிட் வைட்டேல், வங்கித் துறையிலிருந்து வந்தவர். உறுப்பினர்களில் முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர், முன்னாள் பல்கலைக்கழகத் தலைவர் போன்றவர்களும் இருந்தார்கள். தகுதிக்குக் குறைவில்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவர்கூட எந்தப் பகுதி மக்களிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது மிக முக்கியம்.

சூழலும் பதற்றமாக இருந்தது. 2012 செப்டம்பரில் கேரன் லூயிஸ் தலைமையிலான ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 25 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. ஏழு பள்ளி நாட்கள் நடந்தது. அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி விலகினார், அந்த இடத்துக்கு பார்பரா பேர்டு-பென்னட் வந்தார். பள்ளிகளை மூடும் திட்டத்தை நடத்தியவர் அவர்தான்.

நூறு கோடி டாலர் ஓட்டை

நிர்வாகம் முன்வைத்த காரணம் இரண்டு வரியில் அடங்கும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 100 கோடி டாலர் பற்றாக்குறை. பள்ளிகளில் 5.11 லட்சம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, படிப்பவர்களோ 4.03 லட்சம். ஆக, ஒரு லட்சம் இருக்கைகள் காலி. காலிக் கட்டடத்துக்குச் செலவழிக்கும் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவழிக்கலாமே என்பது வாதம்.

இந்த இரண்டு எண்களும் பொய்யல்ல. ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான் சிக்கல். பற்றாக்குறையின் மிகப் பெரிய காரணம் ஆசிரியர் பென்ஷன். மூன்று ஆண்டுகள் பென்ஷன் நிதிக்குக் குறைவாகக் கட்ட மாநிலம் சலுகை கொடுத்திருந்தது. அந்தச் சலுகை முடிந்ததும் ஓராண்டுக் கட்டணம் சுமார் 40 கோடி டாலர் எகிறியது. பள்ளிகளை மூடுவதால் நடைமுறைச் செலவில் ஆண்டுக்கு மிச்சமாகும் என்று நிர்வாகமே சொன்ன தொகை 4.3 கோடி டாலர். பற்றாக்குறையில் அது நூற்றுக்கு நான்கு பங்கைவிடச் சற்று அதிகம். நிர்வாகம் இந்த விகிதத்தை மறைக்கவில்லை, ஆனால் முன்னால் வைக்கவும் இல்லை. பொதுமக்கள் காதில் விழுந்தது “நூறு கோடி பற்றாக்குறை, அதனால் பள்ளிகளை மூடுகிறோம்” என்பது மட்டும்தான்.

ஒரு லட்சம் காலி இருக்கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2000-க்கும் 2010-க்கும் இடையில் நகரம் 1,45,000 பள்ளி வயதுப் பிள்ளைகளை இழந்துவிட்டது என்று நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் அதே கட்டத்தில் பள்ளிகளின் சேர்க்கை 4.35 லட்சத்திலிருந்து 4.03 லட்சத்துக்குத்தான் குறைந்திருந்தது. அப்படியானால் இத்தனை இடம் எப்படிக் காலியானது? 2004-ல் முந்தைய மேயர் ரிச்சர்டு டேலி, 100 புதிய பள்ளிகளைத் திறப்பதாக ஒரு திட்டம் அறிவித்தார். அவற்றில் பல சார்ட்டர் பள்ளிகள். அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்துபவை. பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்த ஊரில் புதுப் பள்ளிகளும் திறந்துகொண்டே போனார்கள். திறப்பதற்கு ஒப்புதல் தந்ததும் இதே வாரியம்தான். அந்தக் காலியிடங்களில் ஒரு பகுதியாவது வாரியத்தின் பழைய முடிவுகளால் உண்டானது. 2013-ல் இந்தக் கணக்கை வாரியம் தன் முன்னால் எடுத்துவைத்துப் பார்க்கவே இல்லை.

முப்பது என்ற எண்

இப்போது அளவுகோலுக்கு வருவோம். இந்த நிகழ்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு கட்டடத்தில் எத்தனை வகுப்பறைகள் இருக்கின்றன என்று எண்ணுவார்கள். அதில் சுமார் 77 சதவீதத்தை வழக்கமான வகுப்புகளுக்கு ஒதுக்குவார்கள். மீதி அறைகள் இசை, ஓவியம், கணினி போன்றவற்றுக்கு. ஒதுக்கிய ஒவ்வொரு அறைக்கும் 30 பிள்ளைகள் என்று பெருக்கினால் வருவது அந்தக் கட்டடத்தின் சரியான சேர்க்கை. 39 அறைகள் உள்ள பள்ளி என்றால் 30 அறை வகுப்புகளுக்குப் போகும். 900 பிள்ளைகள் சரியான அளவு. அதில் 80 முதல் 120 சதவீதம் வரை இருந்தால் பள்ளி நன்றாகப் பயன்படுகிறது என்று அர்த்தம். 720-க்குக் கீழே போனால் போதிய பயன்பாடு இல்லை. 1,080-ஐத் தாண்டினால்தான் நெரிசல்.

இதன் அர்த்தத்தை ஒரு வகுப்பறைக்குள் நின்று பார்க்க வேண்டும். ஓர் அறையில் 23 பிள்ளைகள் இருந்தால் அந்த இடம் வீணாகிறது என்று கணக்கு சொல்கிறது. 35 பேர் இருந்தாலும் நெரிசல் இல்லை என்கிறது. வாரியத்தின் சொந்தக் கொள்கைப்படியே மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 28 பிள்ளைகள், அதற்கு மேல் 31 பேர் என்பதுதான் இலக்கு. கட்டடக் கணக்கு அந்தக் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை.

அதைவிட மோசமான குறை ஒன்று இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வைக்க விதிகள் அனுமதிப்பதில்லை. அப்படி ஓர் அறையில் பத்துப் பிள்ளைகள் இருந்தால், சூத்திரம் அதை இருபது இடம் காலியான அறையாகவே பார்த்தது. சிறப்புக் கல்வியை அதிகமாகத் தோளில் சுமந்த பள்ளி, காகிதத்தில் அதிகக் காலியான பள்ளியாகத் தெரிந்தது. குழந்தைகள் காப்பகம், மருத்துவ அறை, பெற்றோர் அறை, வளாகத்துக்குள்ளேயே நடக்கும் சமூகத் திட்டங்கள் இருந்த பள்ளிகளுக்கும் இதே கதிதான். பெற்றோர் குழுக்கள் இந்தக் குறையை 2012 முடிவதற்குள்ளேயே எடுத்துச் சொல்லிவிட்டன. தங்கள் பள்ளியில் அறை அறையாகப் போய் எண்ணிப் பார்த்து, எந்த அறை எதற்குப் பயன்படுகிறது என்று எழுதிக் கொடுத்த பெற்றோர்களும் உண்டு. சூத்திரம் மாறவில்லை.

இந்தச் சூத்திரத்தை வாரியம் ஒரு கொள்கையாக எடுத்து விவாதித்து ஏற்றிருந்தால் 30-க்குப் பதில் 26 என்றோ, சிறப்பு வகுப்புகளைத் தனியாக எண்ணலாம் என்றோ யாராவது கேட்டிருப்பார்கள். அந்த ஒரு மாற்றமே பட்டியலை வெகுவாகச் சுருக்கியிருக்கும். ஆனால் அது அலுவலகக் கணக்கு என்ற அளவிலேயே இருந்துவிட்டது. உள்ளூர் வாரியங்களில் மிகப் பெரிய கொள்கை முடிவுகள் இப்படித்தான் தொழில்நுட்ப விவரம் என்ற பெயரில் யாருடைய விவாதமும் இல்லாமல் கடந்துபோகின்றன. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான்.

330-லிருந்து 54

2012 டிசம்பரில் இந்தக் கணக்குப்படி 330 பள்ளிகள் போதிய பயன்பாடு இல்லாதவை என்று வந்தன. மாநிலச் சட்டப்படி மூடும் பட்டியலை டிசம்பர் 1-க்குள் அறிவித்திருக்க வேண்டும். நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி சட்டமன்றம் அதை மார்ச் 31 வரை நீட்டியது. இடையில் ஃபிராங்க் கிளார்க் என்பவர் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. அவர் மின் நிறுவனமொன்றின் முன்னாள் தலைவர். உயர்நிலைப் பள்ளிகளைத் தொடாதீர்கள், ரவுடிக் கும்பல்களின் எல்லைகளைத் தாண்டி வளர்ந்த பிள்ளைகளை அனுப்புவது ஆபத்து என்று கமிஷன் சொன்னது. அது ஏற்கப்பட்டது. பிப்ரவரியில் பட்டியல் 129-க்கு இறங்கியது, மார்ச் 21-ல் 54 பள்ளிகள் அறிவிக்கப்பட்டன.

330-லிருந்து 54 என்றால் பெரிய தளர்வு போலத் தோன்றும். பெற்றோர்களுக்கும் அப்படித்தான் தோன்ற வைக்கப்பட்டது. மாதக்கணக்கில், பட்டியலில் இருந்த பள்ளிகளின் குடும்பங்கள் அடுத்த ஆண்டு என்ன ஆகுமோ என்று தவித்தன. ஒவ்வொரு பள்ளியும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே போராடியது. சூத்திரத்தைக் கேள்வி கேட்க வேண்டிய நேரம் அப்படிக் கரைந்துபோனது.

அந்தப் பட்டியலில் இருந்த பிள்ளைகளில் 88 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். மாவட்டம் முழுவதிலும் அவர்கள் பங்கு 40 சதவீதம் அளவில்தான். பள்ளிகள் இருந்தது நகரத்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளில். வேலைகளும் பொது வீட்டுவசதிக் கட்டடங்களும் போய், மக்கள் வெளியேறி மெலிந்துபோன பகுதிகள் அவை. பிள்ளைகள் அங்கேதான் குறைந்திருக்கிறார்கள், அதனால் பள்ளிகளும் அங்கேதான் மூடப்படுகின்றன என்றது பேர்டு-பென்னட்டின் தரப்பு. அந்தப் பகுதிகளில் மூடாமல் கடைசியாக நின்ற பொது நிறுவனமே பள்ளிதான் என்றார்கள் பெற்றோர்கள். இரண்டும் உண்மை. இப்படி இரண்டு உண்மைகள் மோதும்போது எடைபோடத்தான் ஒரு வாரியம் இருக்கிறது.

கேட்டார்கள், ஆனால்

சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியாக வேண்டும். நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பேசினார்கள். முறையான விசாரணைகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளையே அமர்த்தினார்கள். பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் விஷயத்தில் அந்த விசாரணை அலுவலர்கள், இந்த மூடல் சரியில்லை, அல்லது நிர்வாகம் தன் சொந்த வழிகாட்டு விதிகளையே நிறைவேற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூடும் பள்ளியின் பிள்ளைகள் அதைவிடச் சிறந்த பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பது விதி. சிறந்தது என்றால் என்ன? நிர்வாகத்தின் கணக்கில், இரண்டு பள்ளிகளும் மிகக் கீழ்த் தரத்திலேயே இருந்தாலும், சில அளவீடுகளில் ஒன்று சற்று முன்னால் இருந்தால் போதும், அது சிறந்த பள்ளி. ஒரு நீதிபதியின் கண்ணுக்கு இது விதியின் எழுத்தை நிறைவேற்றி அதன் நோக்கத்தைக் கைவிடுவதாகத் தெரிந்தது. நிர்வாகத்தின் சட்டப் பிரிவு, விசாரணை அலுவலர் தன் வரம்பைத் தாண்டிப் பேசுகிறார் என்று பதில் சொன்னது. வாரியம் சட்டப் பிரிவின் பக்கம் நின்றது.

எதிர்ப்பு பலித்த இடங்களும் உண்டு. மனியர் என்ற தொடக்கப் பள்ளியின் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த ஜென்னர் பள்ளிக்கு அனுப்பத் திட்டம். இரண்டும் பழைய கப்ரீனி-கிரீன் குடியிருப்பை ஒட்டியவை. வரைபடத்தில் நடக்கும் தூரம்தான். ஆனால் நடுவில் ஓடும் சாலை இரு கும்பல்களுக்கு எல்லை என்பது அங்கே வாழும் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர்கள் அதைச் சொல்லிச் சொல்லி வற்புறுத்தியதில், வாக்கெடுப்பு நாளன்று மனியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஊரைத் தெரிந்தவர்களின் வார்த்தைக்கு எடை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு பள்ளி சாட்சி. அப்படிப்பட்ட கவனம் மற்ற ஐம்பதுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

அந்த நாளின் வாக்கு

மே 22 கூட்டத்தில் கவுன்சிலர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் பலர் பேசினார்கள். மனியரோடு சேர்த்து நான்கு பள்ளிகளை விட்டுவிடுவதாக அறிவிப்பு வந்தது. அப்புறம் வாக்கு. ஒரு பள்ளி மட்டும், வான் ஹம்போல்ட், தனியாக எடுக்கப்பட்டு 4-2 என்று முடிந்தது. மீதி 49 பள்ளிகளும் 6-0. அவற்றின் பெயர்களைச் சொல்லித் தனித்தனியாக வாக்குக் கேட்கவில்லை. முந்தைய வாக்கையே அடுத்ததற்கும் பொருத்தும் கூட்ட நடைமுறையில் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. தங்கள் பள்ளியின் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, அது மூடப்பட்டுவிட்டது என்பதே உடனே புரியவில்லை.

வான் ஹம்போல்டின் 4-2 கவனிக்க வேண்டியது. தனியாக எடுத்துப் பார்த்த ஒரே பள்ளியில் உறுப்பினர்கள் பிரிந்தார்கள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்திருந்தால் எத்தனை இடங்களில் பிரிந்திருப்பார்களோ!

பெற்றோர்கள் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவோடு கூட்டாட்சி நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்டில் நீதிபதி மூடலைத் தடுக்க மறுத்துவிட்டார். அதே மாதம் 26-ம் தேதி பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் புது வழியில் நடக்க வேண்டியிருந்ததால், தெருமுனைகளில் பாதுகாப்புக்கு நிற்க நூற்றுக்கணக்கானவர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தின் செலவு 1.57 கோடி டாலர்.

பணம் மிச்சமானதா?

பத்தாண்டுகளில் கட்டடப் பராமரிப்பில் 56 கோடி டாலர் தவிர்க்கலாம் என்று முதலில் சொன்னார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே அந்த எண் 43.7 கோடி ஆனது. செய்தியாளர்கள் பழைய மதிப்பீடுகளைக் கிளறியபோது சில கட்டடங்களின் பழுதுச் செலவு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது தெரியவந்ததால் வந்த திருத்தம் அது. 12 கோடிக்கு மேல் எண் மாறிய பிறகும் பட்டியல் அப்படியே நின்றது. அப்படியென்றால் முடிவுக்கு அந்த எண் அடிப்படையாக இருந்ததா, அல்லது எடுத்த முடிவுக்கு ஆதரவாக வைக்கப்பட்டதா? என்னால் இரண்டாவதாகத்தான் பார்க்க முடிகிறது.

எதிர்ப் பக்கத்தில் செலவும் இருந்தது. ஏற்கும் பள்ளிகளைச் சீர்செய்ய, குளிர்சாதனம் பொருத்த, ஆய்வகம் அமைக்க 15.5 கோடி டாலர். இது கடன் வாங்கிச் செய்வது, வட்டி உண்டு. மேசை, நாற்காலி, புத்தகங்களை இடம் மாற்றுவதற்கான ஒப்பந்தம் 89 லட்சம் டாலரில் தொடங்கி மூன்று கோடியைத் தாண்டியது. ஜூலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டுப் பட்ஜெட்டின் ஓட்டையைக் கடைசியில் பெருமளவு அடைத்தது சேமிப்பு நிதிதான். காலியான கட்டடங்களை விற்றோ வாடகைக்கு விட்டோ சமூகத்துக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் கட்டடங்கள் பயனில்லாமல் கிடந்தன.

மூடலுக்கு வாக்களித்த அடுத்த மாதமே வாரியம் இன்னொரு தீர்மானமும் நிறைவேற்றியது. தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி தர 2.05 கோடி டாலர் ஒப்பந்தம், போட்டி ஏலம் இல்லாமல். அந்தப் பயிற்சி நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர் பேர்டு-பென்னட். லஞ்சத் திட்டத்தின் பகுதி அது என்று பிறகு வெளிவந்தது. 2015-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2017-ல் நான்கரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பள்ளி மூடலுக்கும் அந்த லஞ்சத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 4.3 கோடி மிச்சப்படுத்த 50 பள்ளிகளை மூடிய வாரியம், அதில் பாதி அளவிலான ஒப்பந்தத்தைப் போட்டி இல்லாமல் விட்டது என்பதைப் பதிவு செய்யாமல் இந்த நிகழ்வைப் பற்றி எழுத முடியாது.

பிள்ளைகள்

விளைவை அளந்தது வாரியம் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு அமைப்பு 2015-லும் 2018-லும் விரிவான அறிக்கைகள் வெளியிட்டது.

முதல் அறிக்கையில் நிர்வாகத்துக்குச் சாதகமான செய்தி இருந்தது. இடம் மாறிய பிள்ளைகளில் 93 சதவீதம் பேர் பழைய பள்ளியைவிட உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற பள்ளியில்தான் சேர்ந்திருந்தார்கள். நிர்வாகம் ஒதுக்கிய பள்ளிக்கே போனவர்கள் 66 சதவீதம். ஆனால் மிக உயர்ந்த தரத்துப் பள்ளிகளில் இடம் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான். நல்ல பள்ளி எது என்று பெற்றோர்கள் தேர்ந்தெடுத்த விதமும் நிர்வாகத்தின் விதத்திலிருந்து வேறுபட்டது. தரமதிப்பீட்டை நிர்வாகம் பார்த்தது. பெற்றோர்கள் வீட்டிலிருந்து தூரம், வழியில் பாதுகாப்பு, பள்ளி முடிந்த பிறகு பிள்ளையை வைத்துக்கொள்வார்களா, தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்தார்கள்.

இரண்டாவது அறிக்கை கனமானது. மூடல் அறிவித்த ஆண்டிலேயே, அதாவது இன்னும் பழைய பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போதே, பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் சரிந்தது. எதிர்பார்த்த வளர்ச்சியைவிட வாசிப்பில் சுமார் ஒன்றரை மாதமும் கணக்கில் இரண்டு மாதமும் பின்தங்கினார்கள். வாசிப்பு பிறகு மீண்டது. கணக்கில் அந்தப் பின்னடைவு நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. வருகைப் பதிவிலும் இடைநீக்கங்களிலும் பெரிய மாற்றம் இல்லை. ஏற்கும் பள்ளிகளின் ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் பேசிய ஆய்வாளர்கள், பழைய பள்ளியை இழந்த துயரத்துக்கு யாரும் இடமே தரவில்லை என்று எழுதினார்கள். ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் எங்கள் பள்ளி, உங்கள் பள்ளி என்று பிரிந்து நின்றதைச் சீர்செய்ய நேரமும் திட்டமும் இருக்கவில்லை. அறிவிப்புக்கும் புதுப் பள்ளியின் முதல் நாளுக்கும் இடையில் ஐந்தே மாதங்கள்.

பேரழிவு நடக்கும் என்று பயந்தவர்கள் சொன்ன அளவுக்கு மோசமில்லை. நல்ல கல்வி கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தவர்கள் சொன்ன நன்மையும் பெரும்பாலோருக்கு வரவில்லை.

இதற்கு முன்பே எடுத்த ஒரு முடிவின் பின்கதையையும் இங்கே சொல்ல வேண்டும். டயட் என்ற உயர்நிலைப் பள்ளியைப் படிப்படியாக மூட 2012-ல் வாரியம் தீர்மானித்திருந்தது. கடைசி வகுப்பு வெளியேறிய 2015-ல் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள்; அது 34 நாட்கள் நீடித்தது. 1.46 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2016-ல் டயட் கலைப் பள்ளியாகத் திரும்பத் திறந்தது. 2018-ல் நேஷனல் டீச்சர்ஸ் அகாடமி என்ற, மிக உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற தொடக்கப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக மாற்ற வாரியம் வாக்களித்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அதைத் தடுத்தது, நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. வாரியத்துக்குள் எடைபோடாததை வெளியே உண்ணாவிரதமும் நீதிமன்றமும் எடைபோட்டன. அந்த வழி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது

2013 முடிவின் கோபம் கடைசியில் வாரியத்தின் அமைப்பையே மாற்றியது. 2021-ல் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி சிகாகோவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் வந்தது. 2024 நவம்பரில் பத்து இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் 21 பேர் கொண்ட, பாதி தேர்வும் பாதி நியமனமுமான வாரியம் பதவியேற்றது.

அதற்குச் சற்று முன்பே நடந்த இழுபறி பலருக்கு நினைவிருக்கும். ஊழியர் பென்ஷனுக்கும் ஆசிரியர் ஒப்பந்தத்துக்கும் 30 கோடி டாலர் குறுகிய காலக் கடன் வாங்கச் சொன்னார் மேயர் பிராண்டன் ஜான்சன். தலைமைச் செயல் அதிகாரி பெட்ரோ மார்ட்டினஸ் மறுத்தார். 2024 அக்டோபரில் மேயர் நியமித்த ஏழு வாரிய உறுப்பினர்களும் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். புதிதாக வந்தவர்கள் டிசம்பரில் மார்ட்டினஸை நீக்கினார்கள்.

புதிய 21 பேர் வாரியம் 2025 ஆகஸ்டில் 73.4 கோடி டாலர் பற்றாக்குறையோடு பட்ஜெட்டை எடுத்தது. கடன் வாங்குவதா வேண்டாமா, நகரத்துக்கு 17.5 கோடி பென்ஷன் தொகையைக் கட்டுவதா என்பதில் உறுப்பினர்கள் வெளிப்படையாக மோதினார்கள். மேயர் விரும்பிய கடன் இல்லாமல், 12-7 என்று பட்ஜெட் நிறைவேறியது. கூட்டங்கள் நீண்டன, சத்தம் கூடியது, சிலருக்கு இது குழப்பமாகத் தெரிந்தது. எனக்கு அந்த 12-7, 2013-ன் 6-0-ஐவிட ஆரோக்கியமாகத் தெரிகிறது. கடன் வேண்டும் என்றவர்களின் காரணமும் வேண்டாம் என்றவர்களின் காரணமும் பதிவில் இருக்கிறது. வட்டி எவ்வளவு, அது எந்த வகுப்பறையிலிருந்து போகும் என்ற கேள்வி கூட்டத்திலேயே கேட்கப்பட்டது.

காலியிடங்களின் பிரச்சினை தீரவில்லை, கூடியிருக்கிறது. 50 பள்ளிகளை மூடிய பிறகும் மாணவர் எண்ணிக்கை 4.03 லட்சத்திலிருந்து 2024-25-ல் சுமார் 3.25 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. மேற்குப் பகுதியில் டக்ளஸ் என்ற உயர்நிலைப் பள்ளியில் 2024-25-ல் 28 பேர்தான் படித்தார்கள். தலைக்கு ஆண்டுச் செலவு 93,000 டாலர். அவ்வளவு செலவழித்தும் அந்தப் பிள்ளைகளுக்கு இசைக் குழுவோ, விருப்பப் பாடங்களோ, போதுமான ஆசிரியர்களோ கிடைக்கவில்லை. எந்தப் பள்ளியையும் மூடவே கூடாது என்று சொல்வது டக்ளஸில் படிக்கும் பிள்ளைக்கு நியாயமாகாது.

நிதி ஒதுக்கும் முறையிலும் இதே முடிச்சு இருக்கிறது. 2013-ல் பள்ளிகளை மூடிய அதே ஆண்டு, தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தரும் முறை வந்தது. பிள்ளை குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் ஆசிரியர் போவார், ஆசிரியர் போனால் இன்னும் பிள்ளைகள் வெளியேறுவார்கள். மூடலுக்குத் தப்பிய சிறிய பள்ளிகள் பலவற்றை இந்தச் சுழல்தான் தேய்த்தது. 2024-25-ல் வாரியம் அதை மாற்றி, ஒவ்வொரு பள்ளிக்கும் குறைந்தபட்ச ஆசிரியர்களை உறுதிசெய்து, தேவை அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதலாகத் தரும் முறைக்கு வந்தது. சிறிய பள்ளிகளுக்கு இது பெரிய ஆறுதல். அதே சமயம் பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளிகளை நடத்தும் செலவை இது ஏற்றுகிறது. இரண்டையும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட முடிவு இது என்பதால் நான் இதை மதிக்கிறேன்.

2027 வரை பள்ளிகளை மூடுவதில்லை என்று வாரியம் 2024-ல் தீர்மானம் போட்டது. 21 இடங்களுக்கும் மக்கள் ஓட்டுப் போடுவதற்குச் சட்டம் குறித்த மாதம் 2026 நவம்பர். அப்படி வரும் முழு வாரியம் 2027 ஜனவரியில் உட்காரும்போது, டக்ளஸ் போன்ற பள்ளிகளின் கணக்கு முதல் சில மாதங்களிலேயே மேசைக்கு வந்தாக வேண்டும். கட்டடங்களை அளக்கும் சூத்திரத்தைப் பட்டியலுக்கு முன்பே பொதுக் கூட்டத்தில் விவாதித்து ஏற்க வேண்டும். சிறப்புக் கல்வி அறைகளைத் தனியாக எண்ண வேண்டும். விசாரணை அலுவலர் மறுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் பெயர் சொல்லித் தனி வாக்கு எடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. வாரியம் தன் விதிகளில் நான்கு வரி சேர்த்தால் போதும்.